பதினொரு நிமிடம் அசையாமல்

சிட்னியில் நான் பார்க்கப் போன முதல் ஓபராவின் முதல் பாதியை அரங்கத்துக்கு வெளியே, சுவரில் மாட்டியிருந்த ஒரு சின்னத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். ஒரு மணிக் காட்சிக்கு ஒன்று ஆறுக்குப் போனதுதான் நான் செய்த குற்றம். திருச்சியில் வளர்ந்து, சென்னை சபாக்களில் நாடகம் பார்த்துப் பழகியவளுக்கு ஆறு நிமிடத் தாமதம் என்பது சீக்கிரம் போய்ச் சேர்ந்ததற்குச் சமம். குத்துவிளக்கு, வரவேற்புரை, இன்னும் வந்து சேராத தலைமை விருந்தினருக்காக ஒரு பாட்டு, எல்லாம் முடிந்து திரை விலக எப்படியும் முக்கால் மணி ஆகும் என்று கணக்குப் போட்டு, துறைமுகத்தில் நின்று கடற்பறவைகளுக்கு நடுவே 'மீட் பை' என்கிற இறைச்சிப் பணியாரம் ஒன்றைச் சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போனேன்.

கதவருகே கறுப்பு உடையில் நின்ற அம்மாள் என் சீட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மிகுந்த பரிவோடு தலையை ஆட்டினார். கதவு மூடியாகிவிட்டது, இனி இடைவேளைக்குத்தான் திறக்கும், அதுவரை அந்தத் தொலைக்காட்சி என்றார். என்னோடு அங்கே பூங்கொத்துடன் ஒரு மனிதரும் நின்றிருந்தார். இதே அரங்கில் மூன்றாவது முறையாக இப்படி மாட்டிக்கொண்டிருப்பதாகவும், ஓபராக்களின் முதல் பாதி என்றாலே தனக்குக் கறுப்பு வெள்ளையில்தான் நினைவு வருகிறது என்றும் சொன்னார். பூங்கொத்து யாருக்கு என்று கேட்டேன். "உள்ளே தனியாக உட்கார்ந்திருக்கிற என் மனைவிக்கு. இனி இது போதாது" என்றார்.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்க என்னை எட்டு வாரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வந்து இறங்கியது 2012 மார்ச் தொடக்கத்தில். நம் ஊரில் வெயில் ஏறும் மாதம் இங்கே இலையுதிர் காலத்தின் ஆரம்பம். கடற்கரையில் கிடந்த ஊர்ச்சனம் எல்லாம் சட்டை மாட்டிக்கொண்டு அரங்குகளுக்குள் நுழைகிற காலம். ரயில் நிலையச் சுவர்களில் இசைநாடகம், ஓபரா, பேச்சு நாடகம் என்று சுவரொட்டிக்குப் பக்கத்தில் சுவரொட்டி. சாப்பாட்டைக் குறைத்தாவது எல்லாவற்றையும் பார்த்துவிடுவது என்று முதல் நாளே தீர்மானம் செய்துகொண்டேன். சாப்பாட்டைக் குறைக்கும் பகுதி பிறகு நடக்கவில்லை. அதற்குக் காரணம் பூரணம் அன்ரி. அவரிடம் வருகிறேன்.

இடைவேளைக்குப் பிறகு உள்ளே விட்டார்கள். திரை உயர்ந்தது. தங்கமே தங்கமாக ஓர் அரண்மனை. நடுவில் அரசன், காலடியில் மகள், விலங்கோடு அவள் காதலன். பின்னால் கையில் விளக்கேந்திய நான்கு வீரர் சிலைகள். பாட்டு இத்தாலிய மொழியில், மேலே பலகையில் ஆங்கில வரிகள். அந்த வரிகளைப் படித்தால் முகத்தைப் பார்க்க முடியவில்லை, முகத்தைப் பார்த்தால் கதை தப்பியது. பத்து நிமிடத்தில் படிப்பதை விட்டுவிட்டேன். அரசன் பாடியபோது எனக்கு முன் வரிசை நாற்காலியின் முதுகு அதிர்ந்தது. ஒலிபெருக்கி கிடையாது. ஒரு மனிதத் தொண்டை, அவ்வளவுதான். காட்சி முடிந்ததும் நான்கு சிலைகளும் திரும்பி நடந்து போயின. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் அணித் தலைவர் கெல்லிவில் என்ற புறநகரில் இருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர். பெரிய வீடு, இரண்டு கார், புல்வெட்டும் இயந்திரம் மூன்று. மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். ஓபரா போனேன் என்றதும் அவர் மனைவி பாயசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அந்தக் கட்டடத்துக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுப்பாங்க. உள்ளேயெல்லாமா போவாங்க?" பதினோரு வருடமாக இங்கே இருக்கிறார்களாம். ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. அவர்கள் மகன் மட்டும் பள்ளியிலிருந்து போயிருக்கிறான். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, இருக்கை வசதியாக இருந்தது என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னான்.

திங்கள் காலை ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் ஏறினேன். என் அறை அங்கே, அலுவலகம் பரமட்டாவில். எப்போதும் வழுக்கி வரும் அந்த ரயில் அன்று நடுவழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார், ஏன் நிற்கிறது என்று தனக்கும் தெரியாது என்றார். நான் ஓபரா நிரல் புத்தகத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், நெற்றியில் திருநீற்றோடு, தொழிற்சாலைக்காரர்கள் அணியும் பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டையில். என் கையையே பார்த்தார். பிறகு தன் பையைத் திறந்து, சோற்றுப் பெட்டிக்கு அடியிலிருந்து அதே புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தார்.

"நீங்களும் பாத்தீங்களா?" என்றேன்.

"இல்லைப் பிள்ளை. நான் இதில இருக்கிறன்." கொஞ்சம் யோசித்துத் திருத்தினார். "நடிக்கிறனெண்டு சொல்லேலாது. நிக்கிறன்."

அவர் செல்வம் அங்கிள், இலங்கைத் தமிழர். செவன் ஹில்ஸில் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் வேலை. ஒவ்வொரு ஓபராவுக்கும் பாடாத, பேசாத ஆட்கள் சிலர் தேவைப்படுவார்களாம். பல்லக்குத் தூக்க, பிணத்தை இழுத்துப் போக, சும்மா நின்று மேடையை நிரப்ப. ஐந்து வருடத்துக்கு முன் தொழிற்சாலை நண்பர் ஒருவர் ஆள் தேர்வுக்குத் துணையாக இழுத்துப் போக, நண்பரைக் கழித்துவிட்டு இவரைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த ஓபராவில் அரசனுக்குப் பின்னால் விளக்கோடு பதினொரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும்.

"அந்தச் சிலையா? நான் நெஜமாவே சிலைன்னு நெனச்சேன் அங்கிள்" என்றேன்.

அவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். பரமட்டா வரும்வரை அதையே மூன்று விதமாகக் கேட்டார். மெய்யாகச் சிலை என்றா நினைத்தேன், எவ்வளவு நேரம் அப்படி நினைத்தேன், அல்லது மரியாதைக்குச் சொல்கிறேனா. நான் எழும்போது, அன்று மாலை வீட்டுக்கு வந்து இதைத் தன் மனைவியிடம் ஒருதரம் நேரில் சொல்ல முடியுமா என்றார்.

போனேன். ஸ்ட்ராத்ஃபீல்டில் என் அறையிலிருந்து இரண்டு தெரு. பூரணம் அன்ரி கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்து, முதலில் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தார். தேங்காய்ச் சம்பலில் இருந்த காரத்துக்கு என் கண் கலங்க, நான் சிலைக் கதையைச் சொன்னேன். அவர் அடுப்படியிலிருந்து திரும்பாமலே பதில் சொன்னார்.

"நிக்கிறதுக்கு அவ்வளவு தூரம் போக வேணுமே பிள்ளை? இந்தக் குசினியில ஒரு அஞ்சு நிமிசம் வந்து நிக்கச் சொல்லுங்கோவன். அது மட்டும் ஏலாது."

அங்கிள் கதிரையில் உட்கார்ந்து அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பயிற்சி எங்கே நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது. ஐந்து வருடத்தில் அன்ரி ஒருமுறைகூட அவர் நிற்பதைப் பார்க்கப் போகவில்லை.

அதன்பின் மாலைகளில் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. அங்கிளுக்கு இந்த வருடம் ஒரு ஆசை இருந்தது. சிட்னியில் காட்சிகள் முடிந்து, ஏப்ரலில் இதே ஓபரா மெல்பர்னின் இலையுதிர்காலப் பருவத்துக்குப் போகிறது. நிற்கிற ஆட்களை வழக்கமாக அந்தந்த ஊரிலேயே பிடித்துக்கொள்வார்கள். இந்தமுறை கவசங்கள் ஆளின் அளவெடுத்துச் செய்தவை என்பதால், நால்வரில் இருவரைக் கூட்டிப்போவதாகப் பேச்சு. அங்கிள் தொழிற்சாலையில் விடுமுறை நாட்களை ஒன்றுகூட எடுக்காமல் சேர்த்து வைத்திருந்தார். மேடை நிர்வாகி ஹெலன் மிகவும் கண்டிப்பானவர். போன வருடம் ஒரு ஈட்டிக்காரர் பார்வையாளர்களிடையே தன் அண்ணனைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார். அவரை அதற்குப் பிறகு எந்த ஓபராவிலும் காணவில்லையாம்.

நடுவில் நான் சும்மா இருக்கவில்லை. ஒரு புதன்கிழமை விடுப்புப் போட்டு, காலையிலேயே வரிசையில் நின்று, மிச்சச் சீட்டில் ஒரு இசைநாடகம் பார்த்தேன். நாற்பது பேர் ஒரே நேரத்தில் இரும்பு லாடம் வைத்த செருப்பால் மேடையை உதைத்தார்கள். ஒரு கால்கூடப் பிசகவில்லை. வெளியே வந்து ரயில் நடைமேடையில் நானும் முயன்று பார்த்ததில் ஒரு ஆள் தள்ளிப்போய் நின்றார். இன்னொரு நாள் மதுக்கடை ஒன்றின் பின்னறையில் பேச்சு நாடகம். பார்க்க வந்தவர்கள் பதினெட்டுப் பேர், நடித்தவர்கள் ஆறு. அதுவும் சொன்ன நேரத்துக்குச் சரியாகத் தொடங்கியது. எனக்கு ஒரு மாதிரி பயமே வந்துவிட்டது.

இதற்குள் ஒரு விஷயம் கைமீறிப் போயிருந்தது. அன்ரி கோயிலில் யாரிடமோ, இவர் ஓபராவில் நிற்கிறார், அதைச் சிலை என்று நினைத்த பெண் ஒருத்தி வீட்டுக்கே வந்து சொன்னாள் என்று வாய்விட்டுவிட்டார். அலுத்துக்கொண்டுதான் சொன்னாராம். செய்தி ஸ்ட்ராத்ஃபீல்ட் முதியோர் சங்கத்தின் செயலாளர் சிவம் மாஸ்ரரை எட்டியது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் ஆள் ஒருவர் அந்த மேடையில் ஏறுகிறார், சங்கம் போகாமல் இருப்பதா? கலைஞர்களின் குடும்பத்தாருக்கான சலுகைச் சீட்டில் பதினான்கு பேருக்கு ஆறாவது வரிசை முழுக்க எடுத்தாகிவிட்டது. சிட்னியின் கடைசிச் சனிக்கிழமை, மதியக் காட்சி. அடுத்த வாரம்தான் மெல்பர்ன் பட்டியல்.

அங்கிள் என்னைத் தனியே கூப்பிட்டார். "பிள்ளை, நீங்கள் அவையளோட போங்கோ. ஒரு சத்தம் வரப்படாது. இவை என்னைக் கண்டவுடன கையைத் தட்டுவினம். எனக்கு இவையைத் தெரியும்."

எனக்கும் தெரியும். நம் மேடைகளில் அறிந்த முகம் உள்ளே வந்தால் கைதட்டுவது மரியாதை. தட்டாவிட்டால்தான் வீட்டில் மனஸ்தாபம்.

அந்தச் சனிக்கிழமை தண்டவாள வேலை, ரயில் கிடையாது. மாஸ்ரர் ஒரு மினி பஸ் பிடித்திருந்தார். பட்டுச் சேலைகள், கோட்டுகள், முறுக்குப் பைகள். நான் நடத்துநர் மாதிரி முன்னால் நின்று விதிகளைச் சொன்னேன். கைபேசியை அணைக்க வேண்டும், முறுக்கு வெளியே, பேச்சு கிடையாது, அங்கிள் வரும்போது கைதட்டல் கூடவே கூடாது.

"நாங்களென்ன செத்த வீட்டுக்கோ போறம்?" என்றார் மாஸ்ரர்.

மெல்பர்ன் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். முறுக்குப் பைகள் இருக்கைக்கு அடியில் போயின. அப்போதுதான் அவர் மடியிலிருந்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்தேன். சரிகைக் கரை வைத்த பொன்னாடை. கடைசியில் எல்லாரும் குனிந்து வணங்குவார்களே, அப்போது மேடையில் ஏறிப் போர்த்துவதாகத் திட்டம். இரண்டு நிமிடப் பேச்சும் தயார் செய்திருந்தார். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், கடைசியில் பொன்னாடையைப் பறிமுதல் செய்தேன். வெளியே, அங்கிள் வரும் பின்வாசலில் போர்த்தலாம் என்று சமரசம். பறிமுதல் செய்ததைப் பத்திரப்படுத்த வேறு வழியில்லாமல், முதல் பாதி முழுக்க அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

முதல் பாதியை இந்தமுறை வண்ணத்தில் பார்த்தேன். நம் வரிசை அபாரமாக நடந்துகொண்டது. ஒரு இருமலுக்குக்கூட மாஸ்ரர் திரும்பி முறைத்தார். பக்கத்தில் பூரணம் அன்ரி, பிறருக்காக வந்தவர்போலக் கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

இடைவேளை முடிந்தது. திரை உயர்ந்தது. தங்க அரண்மனை. பின்னால் நான்கு விளக்குகள்.

"எது?" என்று அன்ரி என் காதில் கேட்டார். "இதில எது எங்கட ஆள்?" நால்வருக்கும் ஒரே தலைக்கவசம், ஒரே தாடி. எனக்கும் தெரியவில்லை. நான் அவர் பக்கம் குனிந்த அந்த ஒரு நொடியில், மறுபக்கம் மாஸ்ரர் கைதட்டிவிட்டார்.

நான்கு தட்டுத்தான். அதற்குள் வரிசையின் மற்றக் கைகள் சேர்ந்துகொண்டன. ஐம்பது வருடப் பழக்கம் கையை மீறி வந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு, மெல்பர்ன் போச்சு.

கண்ணைத் திறந்தபோது நடந்துகொண்டிருந்தது எனக்கு இன்றுவரை நம்ப முடியாதது. முன் வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கணவனும் மனைவியும் தட்டினார்கள். பிறகு மாடி. பிறகு அரங்கம் முழுக்க. அந்தத் தங்க அரண்மனைக்குத்தான் யாரோ விஷயம் தெரிந்தவர்கள் தட்டுகிறார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். இசைக்குழுவை இயக்குபவர் கோலை உயர்த்தியபடி காத்திருந்தார். அரசன் குழம்பிப்போய்த் தலையைத் திருப்பித் தன் பின்னால் பார்த்தார். வலது ஓரத்து வீரர் ஒருவர் விழியை உருட்டினார். மாஸ்ரர் மட்டும், மொத்தச் சிட்னியும் தன் நண்பருக்குக் கைதட்டுவதாக எடுத்துக்கொண்டு நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினார்.

காட்சி முடிந்து பின்வாசலில் நின்றோம். காற்று பிய்த்துக்கொண்டு போனது. அங்கிள் சாதாரண உடையில், ஒட்டுத் தாடியின் பசை தாடையில் காய்ந்திருக்க, வெளியே வந்தார். மாஸ்ரரைப் பார்த்தார். முப்பது வருடமாகக் கேட்கிற கைதட்டு, முதல் தட்டிலேயே தெரிந்ததாம். மாஸ்ரர் பொன்னாடையைப் பிரித்தார். துறைமுகக் காற்றில் அது ஒருமுறை பறந்து ஒரு சுற்றுலாப் பயணியின் தலையை மூடியது. மீட்டுக் கொண்டுவந்து போர்த்தினார்கள். பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பயணிகள் படம் எடுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஹெலன் வெளியே வந்தார். கையில் கோப்பு, கழுத்தில் கடிகாரம். தோளில் சரிகை மின்ன நின்ற அங்கிள், கேட்காமலே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்: அந்தக் கைதட்டல் தொடங்கியது என்னுடைய ஆட்களால், மன்னிக்க வேண்டும். எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. அந்த ரகசியம் எங்களைத் தவிர யாருக்கும் தெரியாதே.

ஹெலன் எங்கள் பட்டுச் சேலைகளை ஒரு பார்வை பார்த்தார். "தெரியும். ஆறாவது வரிசை. எனக்குக் கண்காணிப்புத் திரையில் எல்லாம் தெரியும்" என்றார். பிறகு பொன்னாடையைக் காட்டி, இது என்ன விருதா என்று கேட்டார். மாஸ்ரர் முந்திக்கொண்டு, ஆமாம், வாழ்நாள் விருது என்றார். ஹெலன் அங்கிளிடம் கைகொடுத்துவிட்டு, வேறெதுவும் சொல்லாமல் போய்விட்டார். அது நல்லதா கெட்டதா என்று பஸ்ஸில் வீடு வரை வாக்குவாதம் நடந்தது. அன்ரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், நால்வரில் எது என்று. இடப்பக்கமிருந்து இரண்டாவது என்றார் அங்கிள்.

அடுத்த புதன்கிழமை காலை ரயிலில் அங்கிள் எனக்கு எதிரே உட்கார்ந்தார். வானிலை பேசினார். என் மென்பொருள் பற்றிக் கேட்டார். பரமட்டா வந்து நான் இறங்கி நடைமேடையில் கால் வைத்த பிறகு, கதவு மூடப் போகிற நேரத்தில், "மெல்பர்ன்" என்றார். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் அசையாமல் போனது.

மாலை முழுக் கதையும் கிடைத்தது. ஹெலன் பட்டியலை ஒட்டிவிட்டு அவரிடம் சொன்னாராம்: அரசன் திரும்பினான், ஓரத்து ஆள் கண்ணை உருட்டினான், உன் சொந்தக்காரர்களே உனக்குக் கைதட்டியபோது நீ இமைக்கவில்லை. இன்னொரு செய்தியும் இருந்தது. அந்தக் கைதட்டல் இயக்குநருக்குப் பிடித்துப்போய்விட்டது. மெல்பர்னில் திரை உயர்ந்ததும் அதற்காக மூன்று நொடி இசையை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறார். அன்ரி சொதியைக் கிண்டியபடி, "நிக்கிறதுக்கு இப்ப பிளேனும் ஏறப் போறார்" என்றார். ஆனால் அன்று அங்கிளின் தட்டில் பொரியல் இரண்டு வகை.

அங்கிள் மெல்பர்ன் போய்ப் பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். எல்லாம் நன்றாக இருக்கிறது, குளிர் மட்டும் எலும்பில் ஏறுகிறது என்றார். பிறகு தயங்கினார்.

"அந்த மூண்டு நொடி இருக்கெல்லே பிள்ளை. ஒருத்தரும் தட்டீனமில்லை. இஞ்சத்தைய ஆக்கள் பேசாமல் பாக்கினம். இசையும் இல்லை, தட்டும் இல்லை. அந்த மூண்டு நொடி நிக்கிறதுதான் பதினொரு நிமிசத்திலயும் கஷ்டம்."

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அன்ரியும் கேட்டுக்கொண்டிருந்தார். குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. மறுநாள் என்னிடம், கடைசிச் சனிக்கிழமை மதியக் காட்சிக்கு இணையத்தில் இரண்டு சீட்டு எடுப்பது எப்படி என்று கேட்டார். அங்கிளுக்குச் சொல்ல வேண்டாம் என்றார்.

எனக்கும் திரும்பிப் போக ஒரு வாரம்தான் இருந்தது. சனி காலை மெல்பர்னில் இறங்கினோம். சிட்னியில் பாதி மனசோடு உதிர்ந்த இலைகள் இங்கே தெருவை மூடிக் கிடந்தன. ஒரு மணி நேரத்தில் வெயில், மழை, ஆலங்கட்டி, மறுபடி வெயில். சந்துக்குள் சந்தாகப் போன ஒரு காப்பிக் கடையில், பால் நுரையில் இலை வரைந்து தந்தார்கள். அன்ரி அந்த இலையைக் கலைக்க மனமில்லாமல் ஆறவிட்டார்.

ட்ராம் ஏறியதில் நான் சொதப்பினேன். ஊரெல்லாம் தெரிந்தவள்போல முன்னால் நடந்து, சரியான எண் வண்டியில் தவறான திசையில் ஏற்றிவிட்டேன். அரைமணி கழித்து எதிரே கடல். எனக்கு அந்த ஒன்று ஆறு நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நாயோடு இருந்த ஒருவர், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறுங்கள், கடல் எங்கேயும் போய்விடாது என்றார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அன்ரி ஓடிய ஓட்டத்தில் நான் பின்தங்கினேன். கதவு மூட ஒன்பது நிமிடம் இருக்கும்போது உள்ளே போனோம்.

முதல் பாதியில் அன்ரி எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. காத்திருந்தார். இடைவேளையில் ஐஸ்கிரீம் வேண்டுமா என்றேன், வேண்டாம் என்றார். விளக்கணைந்தது. திரை உயர்ந்தது. தங்க அரண்மனை, நான்கு விளக்குகள், இசைக்கோல் அந்தரத்தில் நின்றது. இசை இல்லை. ஆயிரம் பேர் மூச்சை அடக்கிப் பார்த்தார்கள்.

அன்ரி தட்டினார்.

தனியாக, நிதானமாக, உள்ளங்கை அகலமாக. நானும் கையைத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டேன். அதில் நுழைய எனக்கு இடமில்லை என்று பட்டது. முன்னாலிருந்த இரண்டு தலைகள் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. யாரும் சேரவில்லை. அவர் பார்வை இடப்பக்கமிருந்து இரண்டாவது விளக்கை விட்டு நகரவில்லை. அந்த விளக்கும் நகரவில்லை. கோல் இறங்கியது, இசை பிடித்துக்கொண்டது. அன்ரி கைகளைக் கைப்பைமேல் மடித்து வைத்துக்கொண்டார். பதினொரு நிமிடமும் அவரும் அசையவில்லை.

பின்வாசலில் எங்களைக் கண்டதும் அங்கிள் திகைத்து நின்றார். இது எப்ப, எப்படி, சொல்லவில்லையே என்றெல்லாம் கேட்டார். அன்ரி இடியப்பப் பெட்டியை எடுத்து நீட்டினார்.

"அங்கிள், கைதட்டினது கேட்டுச்சா?" என்றேன்.

"எப்ப? நான் கவனிக்கேல்லை" என்றார். "அங்க நிக்கேக்க ஒண்டும் கேளாது பிள்ளை."

"பாத்தீங்களே? மெய்யாவே சிலைதான்" என்றார் அன்ரி.

ட்ராமில் ஏறினோம். இந்தமுறை திசையை அங்கிள் பார்த்துக்கொண்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில், நான் எதிரே. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஒரு நிறுத்தம் போனது, இன்னொன்று போனது. அங்கிள் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தபடி, மெல்லச் சொன்னார்.

"எட்டுத் தரம் தட்டினனீர்."

அன்ரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பது" என்றார்.